வராத கோல்: ஓ. சந்திரசேகரனும் இன்மை என்னும் பொருளும்

ஓ. சந்திரசேகர மேனன் (1935–2021) இந்தியக் கால்பந்து அணியின் ரைட் பேக். 1960 ரோம் ஒலிம்பிக்குக்குச் சென்ற அணியிலும், 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியிலும், 1964-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற அணியிலும் இருந்தவர். இப்படிப்பட்ட ஒரு பின்கள ஆட்டக்காரரின் வரலாற்றை எழுத உட்காருபவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் எழுகிறது. முன்கள ஆட்டக்காரர் செய்தது ஸ்கோரில் நிமிடக் கணக்கோடு பதிவாகிவிடுகிறது. பின்கள ஆட்டக்காரர் செய்ததோ விழாமல் போன கோல். அதற்கு நிமிடமும் இல்லை, பெயரும் இல்லை. நடக்காத ஒன்றை ஒருவருடைய செயல் என்று சொல்ல முடியுமா? முடியுமானால் அதை எந்த அளவையால், அதாவது எந்த அறியும் வழியால், அறிவது? இந்தியத் தருக்க மரபு ‘அபாவம்’ என்ற பெயரில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வந்த கேள்வி இது. தமிழில் இதை இன்மை எனலாம்.

சந்திரசேகரன் பிறந்தது இரிஞ்ஞாலக்குடாவில். இன்று அது திருச்சூர் மாவட்டம். 1935-இல் கொச்சி ராச்சியம். அந்த ராச்சியத்தின் மன்னர்கள் முடிசூடும் கூடம் மட்டாஞ்சேரி அரண்மனையில் இருந்தது. 1555 வாக்கில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர் பழுதுபார்த்த மாளிகை அது. கொச்சியின் கடைசி மன்னர் பரீக்ஷித்துத் தம்புரான் 1948-இல் பட்டத்துக்கு வந்தார். 1949 ஜூலை 1-இல் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தபோது ஆட்சி முடிந்தது. அரசராக அவர் இருந்த காலம் மிகக் குறைவு. தருக்க பண்டிதராக இருந்த காலம்தான் நீண்டது. விசுவநாத பஞ்சானனர் எழுதிய நியாய சித்தாந்த முக்தாவலிக்கு அவர் உரை செய்திருக்கிறார். பொருள்களை ஏழு வகையாகப் பிரித்து, ஏழாவதாக இன்மையை வைக்கும் நூல் அது. குடம் எப்படி ஒரு பொருளோ, தரையில் குடம் இல்லாமையும் அப்படி ஒரு பொருளே என்பது அதன் முடிபு.

இரிஞ்ஞாலக்குடாவின் கூடல்மாணிக்கம் கோயில் பரதனுக்கு உரியது. இராமாயணத்தில் அரியணை ஏறாமல் இருந்ததையே பெரும் செயலாகச் செய்து காட்டியவன் பரதன். அக்கோயில் முற்காலத்தில் சமணத் தலமாக இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஊருக்குச் சற்று மேற்கே கொடுங்கல்லூர். அதுவே சேரரின் வஞ்சி என்பது ஒரு சாரார் கொள்கை. கருவூரே வஞ்சி என்பது மற்றொரு சாரார் கொள்கை. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கரைச் சந்திக்கும் காதையில் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். அவற்றுள் அபாவமும் ஒன்று. இவற்றையெல்லாம் அடுக்கிக் காட்டி, ஒரு கால்பந்து வீரரின் ஆட்டத்துக்கு ஊர்மண்ணே காரணம் என்று முடிச்சுப் போடுவது தவறு. பந்தைப் பின்தொடர்ந்த சிறுவனுக்கு முக்தாவலியோடு எந்தத் தொடர்பும் இருந்திருக்கத் தேவையில்லை. கேள்வி அந்தப் பகுதிக்குப் புதியதல்ல என்பது மட்டுமே இங்குச் சொல்லத்தக்கது.

பள்ளியில் தொடங்கிய ஆட்டம் திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரி, எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி வழியாக அவரைப் பம்பாய்க்குக் கொண்டுபோனது. 1950-களில் நல்ல ஆட்டக்காரருக்குக் கிடைத்த வாழ்வு இன்றைய ஒப்பந்த வாழ்வு போன்றதல்ல. எண்ணெய் நிறுவனம், ரயில்வே, காவல்துறை, ராணுவம், வங்கி என்று ஏதோ ஒன்றில் வேலை. அந்த வேலையோடு ஆட்டம். எண்ணெய் நிறுவனமான கால்டெக்ஸின் அணியில் அவர் சேர்ந்தது 1956-இல். இரண்டே ஆண்டில் அந்த அணி ரோவர்ஸ் கோப்பையை வென்றது. சந்தோஷ் கோப்பையில் மகாராஷ்டிரத்துக்கு ஆடினார். 1963-இல் அந்த அணி கோப்பையை வென்றபோது அணித்தலைவர் அவரே. கேரளத்துக்காரர் ஒருவர் வேறு மாநில அணியின் தலைவராக நின்று கோப்பையை ஏந்தினார் என்பதில் அன்றைக்கு வியப்பு ஏதும் இல்லை. கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது கிடைத்தது கொச்சியில்தான். அந்த அணிக்குப் பயிற்சியளித்தவர், ரோமில் சந்திரசேகரனோடு இந்திய அணியில் இருந்த தமிழர் சைமன் சுந்தரராஜ்.

அக்காலத்தில் பின்களமே இந்தியாவில் மாறிக்கொண்டிருந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. பலர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பதே அந்தத் தோல்வியைப் பற்றி இன்றும் சொல்லப்படும் கதை. அதே அளவு முக்கியமான காரணம், இரண்டே பேக்குகளை வைத்து ஆடிய பழைய அமைப்பு. ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அதை மாற்றினார். நடுவில் ஸ்டாப்பர், இரு ஓரங்களிலும் ஃபுல் பேக் என்ற ஏற்பாடு வேரூன்றியது. ரைட் பேக்கின் வேலை, எதிரணியின் இடது விங்கரைக் கட்டிப்போடுவது. வேலை நன்றாக நடந்தால் பந்தைத் தொட வேண்டிய தேவைகூட வராது. விங்கருக்கும் பந்து வரும் வழிக்கும் நடுவில் சரியான இடத்தில் நின்றால் அந்தப் பக்கம் பந்தே அனுப்பமாட்டார்கள். பாய்ந்து பந்தைப் பறிக்கும் பேக்கைக் கூட்டம் கைதட்டிப் பாராட்டும். பாய வேண்டிய தேவையே வராமல் செய்தவரைக் கூட்டம் கவனிப்பதில்லை. முதலாமவரிடம் இல்லாமல் போனது கோல் மட்டும். இரண்டாமவரிடம் கோலும் இல்லை, கோலைத் தடுத்த காட்சியும் இல்லை.

இந்த இடத்தில் தருக்க நூலாரின் உதவி தேவைப்படுகிறது. இன்மையை எப்படி அறிகிறோம் என்பதில் மரபுகள் பிரிந்து நின்றன. தரையைப் பார்க்கும் கண்ணே குடம் இல்லாமையையும் பார்க்கிறது என்றது நியாய மரபு. கண் தரையை மட்டுமே பார்க்கும். இன்மையை அறிய ‘அனுபலப்தி’ என்ற தனி அளவை வேண்டும் என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். அதே மீமாம்சையைச் சேர்ந்த பிரபாகரர் இரண்டையும் மறுத்தார். வெறுந்தரை என்ற ஒன்றுதான் உண்டு, அதற்கு மேல் இன்மை என்று தனியாக எதுவும் கிடையாது என்பது அவர் கொள்கை. பௌத்தரான தருமகீர்த்தி அதை அனுமானத்தில் சேர்த்தார். சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அருணந்தி சிவாச்சாரியார் பிறர் கூறும் அளவைகளில் அபாவத்தையும் எண்ணிக் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார்.

பிணக்கு இவ்வளவு இருந்தாலும், காணாமையிலிருந்து இன்மையை முடிவு செய்வதற்கு ஒரு நிபந்தனையைப் பலரும் ஒப்புக்கொண்டார்கள். ‘இருந்திருந்தால் தெரிந்திருக்கும்’ என்று சொல்லக்கூடிய தகுதி வேண்டும். நல்ல வெளிச்சத்தில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டில் தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. இதற்கு யோக்யதை என்று பெயர். அறிவுக்குச் சொன்ன இந்த நிபந்தனையைச் சற்றுத் திருப்பிச் செயலுக்கும் வைத்துப் பார்க்கலாம். விழாத கோல் எல்லாம் பின்களத்தின் செயலாகாது. எதிரணி சொத்தையாக ஆடியதால் விழாத கோல் யாருடைய சாதனையும் அல்ல. தடுப்பவர் இல்லாதிருந்தால் விழுந்தே இருக்கும் என்று சொல்லத்தக்க கோல் விழாதபோதுதான் அந்த இன்மைக்கு ஓர் உரிமையாளர் கிடைக்கிறார். இன்னொன்று: எந்த இன்மையும் ஏதோ ஒன்றின் இன்மையே. அந்த ஒன்றைத் தருக்கத்தில் பிரதியோகி என்பார்கள். குடத்தின் இன்மைக்குக் குடம் பிரதியோகி. எதிரே வருபவரின் ஆற்றலை வைத்துத்தான் பின்களத்தின் அளவு தெரியும் என்பது இதிலிருந்து தானாகவே கிடைக்கிறது.

1960 ரோம் ஒலிம்பிக் இதற்குக் கையில் கிடைத்த சான்று. இந்தியா ஹங்கேரியிடம் 1-2 என்றும், பெருவிடம் 1-3 என்றும் தோற்றது. பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தது. பட்டியலின் அடியில் கிடக்கும் அணியாகவே கணக்குப் புத்தகம் காட்டும். அதே பிரிவில் ஹங்கேரி பெருவுக்கு எதிராக 6 கோல்களும் பிரான்ஸுக்கு எதிராக 7 கோல்களும் அடித்தது. பின்னாளில், 1967-இல், ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஃப்ளோரியான் ஆல்பெர்ட் அந்த முன்களத்தில் இருந்தார். அப்படிப்பட்ட அணி இந்தியாவிடம் பெற்றது இரண்டே கோல். ஹங்கேரியின் மற்ற இரு ஆட்டங்களும்தான் இங்கே வெளிச்சம்: கோல் விழக்கூடியதாகவே இருந்தது, விழவில்லை. ஹெல்சிங்கியின் பத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டை வைத்தால் எட்டு ஆண்டுகளில் இந்தியப் பின்களம் எங்கே வந்திருந்தது என்பது விளங்கும். கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜுக்கு அதில் எவ்வளவு பங்கு, பேக்குகளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க எந்த அளவையும் இல்லை.

ஜகார்த்தா இன்னும் சிக்கலானது. 1962 ஆசிய விளையாட்டுக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்றே அழைக்கக்கூடாது என்று, ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் இந்தியாவின் ஜி.டி. சோந்தி வாதிட்டார். நகரம் இந்தியர்மீது கொதித்தது; தூதரகம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில், செனயான் அரங்கில் நிறைந்திருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் பெரும்பாலோர் இந்தியாவைக் கூச்சலிட்டே விரட்டப் பார்த்தார்கள். வராத இரண்டு நாடுகள்தான் அந்தக் கூச்சலுக்குக் காரணம். இன்மை எதற்கும் காரணமாகாது என்று வாதிடுபவர்கள் பதில் சொல்லியாக வேண்டிய நிகழ்ச்சி இது.

எதிரணி தென் கொரியா: 1956, 1960 ஆகிய இரு ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணி, பிரிவு ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என்று வீழ்த்தியிருந்த அணி. அதன் பிறகு தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும், அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்றும் வென்று இந்தியா இறுதிக்கு வந்திருந்தது. ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரைப் பின்களத்திலிருந்து எடுத்து முன்களத்தின் நடுவில் நிறுத்தினார். 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் அடித்தார். 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் அடித்தார். கொரியாவின் ஒரே கோல் விழுந்தது 85-ஆம் நிமிடத்தில். இந்தியா 2-1 என்று வென்றது.

இந்த ஆட்டத்தைச் சொல்பவர்கள் எல்லோரும் முதல் இருபது நிமிடங்களைச் சொல்வார்கள். கடைசி ஐந்து நிமிடப் பதற்றத்தையும் சொல்வார்கள். இடையே 65 நிமிடங்கள் இருக்கின்றன. அந்த நேரம் முழுவதும் ஸ்கோரில் ஒன்றும் நடக்கவில்லை. பின்களத்தின் தூண் எனப்பட்டவர் எதிர்க் கோடியில் நிற்க, சந்திரசேகரன், அருண் கோஷ், திரிலோக் சிங் ஆகியோர் பின்னால் நின்று அந்த ‘ஒன்றும் நடக்காமை’யைக் காத்தார்கள். தங்கம் அந்த 65 நிமிடங்களில்தான் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆட்டத்தில் கோல் அடித்த பேக்கை, அந்தக் கோலுக்காகவே, அறுபது ஆண்டுகளாக எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். பேக்காகவே நின்ற பேக்குகள் அணிப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறார்கள்.

தருக்க நூலார் இன்மையை நான்காக வகுத்தார்கள். ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் இருக்கும் இன்மை முதல் வகை. அதற்குத் தொடக்கம் இல்லை; பொருள் தோன்றியதும் அது முடிந்துவிடும். பொருள் அழிந்த பின் வரும் இன்மை இரண்டாவது. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. ஓரிடத்தில் ஒன்று எக்காலத்தும் இல்லாமை மூன்றாவது. ஒன்று மற்றொன்று அல்லாமை நான்காவது. பேக் காப்பது முதல் வகை இன்மையை என்று தோன்றும்: கொரியாவின் கோல் இன்னும் தோன்றவில்லை, தோன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நூலாரின் வரையறையோ கண்டிப்பானது. பின்னால் தோன்றப்போகும் பொருளுக்கு மட்டுமே முன்னின்மை உண்டு. 85-ஆம் நிமிடத்தில் விழுந்த கோலுக்கு அதுவரை முன்னின்மை இருந்தது. விழாமலே போன இரண்டாவது கோலுக்கு இருந்தது மூன்றாம் வகை. ஆட்டம் நடக்கும்போது இவ்விரண்டில் எது எது என்று களத்தில் யாராலும் பிரித்தறிய முடியாது. இறுதி விசில் ஊதிய பிறகே முழு இன்மைக்கு அந்தப் பெயர் கிடைக்கிறது; அதுவும் ஆட்டத் தொடக்கத்திலிருந்தே அது அப்படித்தான் இருந்தது என்ற விதத்தில். வெற்றி பெற்ற பின்களத்தைப் பார்த்து, கோல் விழும் ஆபத்தே இருக்கவில்லை என்று பிற்பாடு எளிதாகச் சொல்லிவிட முடிவது இதனால்தான்.

அடுத்த தடை செய்வோனைப் பற்றியது. தொடக்கமே இல்லாத ஓர் இன்மையை எவரும் உண்டாக்க முடியாது. அப்படியிருக்க, அதை ஒருவருடைய செயல் என்பது எப்படி? மீமாம்சகர் விலக்கு விதிகளை ஆராயும்போது இதே இக்கட்டில் மாட்டினார்கள். கொல்லாதே என்ற கட்டளை எதைச் செய்யச் சொல்கிறது? கொலையின் இன்மை ஏற்கனவே இருக்கிறதே. அதை உண்டாக்க வேண்டியதில்லை, கெடாமல் காத்தால் போதும் என்பது அவர்களிடையே எழுந்த விடைகளில் ஒன்று. யோகக்ஷேமம் என்ற தொடருக்குச் சங்கரர் தரும் விளக்கத்திலும் இந்தப் பாகுபாடு உண்டு: பெறாததைப் பெறுவது யோகம், பெற்றதைக் காப்பது க்ஷேமம். முன்களம் யோகம், பின்களம் க்ஷேமம். காப்பதும் முழுமையான செயலே. அதன் விளைவு புதிய பொருளாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மட்டாஞ்சேரியில் இதற்கு இன்னொரு மரபின் குரலும் கேட்கிறது. அங்கே வணிகத்துக்கு வந்து தங்கிய குஜராத்திச் சமணர்கள் 1904-இல் கட்டிய தருமநாதர் கோயில் இருக்கிறது. வினை உயிருக்குள் ஊறி வருவதைச் சமணம் ஆஸ்ரவம் என்கிறது. அந்த ஊற்றை அடைப்பது ஸம்வரம். தமிழ்ச் சமணர் இவற்றை ஊற்று, செறிப்பு என்றே வழங்கினார்கள். உள்ளே வரவிருந்ததை வரவிடாமல் செய்வது வீடுபேற்றுப் பாதையின் ஒரு படியாகவே எண்ணப்படுகிறது. வள்ளுவரும் அழுக்காறாமை, வெஃகாமை, கள்ளாமை, கொல்லாமை என்று அதிகாரம் அதிகாரமாக இன்மைகளை அறங்களாக்கி வைத்திருக்கிறார். பொறாமைப்படாதவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. செறிப்பும் கொல்லாமையும் தன்னைத் தான் அடக்குவது. பேக் அடக்குவது பிறனை. அதுவும் உடம்பால் மோதி. அவருடைய அறம் துறவியின் அறம் அல்ல, காவலரின் அறம். பரதன் பொருந்திவருவது இங்கேதான். அவன் அரியணையை எடுத்துக்கொள்ளவில்லை என்பதோடு கதை முடியவில்லை. பதினான்கு ஆண்டுகள் அதைப் பிறர் எடுக்காமலும் பார்த்துக்கொண்டான்.

பிரபாகரர் பக்கம் நிற்பவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, இதெல்லாம் வீண் பெருக்கம் எனலாம்: ஓடினார், நின்றார், பந்தை வெளியே அடித்தார் என்பவையே நடந்தவை, வராத கோல் என்று ஒன்றைத் தனியே எண்ணத் தேவையில்லை. இன்றைய கால்பந்துக் கழகங்கள் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகின்றன. பந்தைப் பறித்தது எத்தனை முறை, இடைமறித்தது எத்தனை முறை என்று எண்ணுகிறார்கள். ஆனால் சரியான இடத்தில் நின்றதால் அனுப்பப்படாமல் போன பந்தை அந்தக் கணக்காலும் எளிதில் பிடிக்க முடியவில்லை. எதிரணி ஓர் இடத்திலிருந்து அடிக்கும் ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் முறை வந்த பிறகு, விழ வாய்ப்பிருந்தும் விழாத கோல் மறுபடியும் ஓர் எண்ணாகக் கணக்குக்குள் நுழைந்துவிட்டது. யோக்யதை என்று பழைய நூலார் கேட்டது இதைத்தான்.

1964-இல் ஆசியக் கோப்பை இஸ்ரேலில் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜகார்த்தாவில் இடம் மறுக்கப்பட்ட நாடு இப்போது போட்டியை நடத்தியது. இந்தியா தென் கொரியாவை 2-0 என்றும் ஹாங்காங்கை 3-1 என்றும் வென்று, இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்று இரண்டாமிடம் பெற்றது. ஆசியக் கோப்பையில் இந்தியா அடைந்த மிக உயர்ந்த இடம் இன்றுவரை அதுதான். கோலாலம்பூர் மெர்டேக்கா போட்டியில் 1959-இலும் 1964-இலும் இந்தியாவுக்குக் கிடைத்ததும் இரண்டாமிடம். 1960-களின் நடுவில் சந்திரசேகரனின் சர்வதேச ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் ஸ்டேட் வங்கி அணிக்கு ஆடினார்.

அந்தத் தலைமுறைக்கு அர்ஜுனா விருதுகள் வரிசையாக வந்தன: 1961-இல் பி.கே. பானர்ஜி, 1962-இல் பலராம், 1963-இல் சுனி கோஸ்வாமி, 1964-இல் ஜர்னைல் சிங், 1965-இல் அருண் கோஷ், 1966-இல் யூசுப் கான், 1967-இல் பீட்டர் தங்கராஜ். காப்பவர்களை அரசு கண்டுகொள்ளவே இல்லை என்று இதைப் பார்த்த பிறகு சொல்ல முடியாது. ஏழு பேரில் மூவர் பின்னால் நின்றவர்கள். இருந்தாலும் சந்திரசேகரன் பெயர் பட்டியலில் இல்லை. தகுதியில்லாத ஆயிரம் பேரின் பெயரும்தான் அதில் இல்லை. அவற்றை யாரும் கவனிப்பதில்லை. இந்த ஒரு பெயரின் இன்மை கண்ணில் படுகிறது என்றால், அங்கே அது இருந்திருக்க வேண்டும் என்ற யோக்யதை இருப்பதால்தான்.

ஜகார்த்தா வெற்றிக்கு ஓராண்டுக்குள், 1963 ஜூன் 11 அன்று, ரஹீம் புற்றுநோயால் இறந்தார். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்கு அதன் பிறகு தங்கம் கிடைக்கவில்லை. 2020-இல் பானர்ஜியும் கோஸ்வாமியும் மறைந்தார்கள். 2021 மே மாதம் அதே தலைமுறையின் ஆட்டக்காரரான கோவாவின் பிராங்கோ மறைந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று சந்திரசேகரன் கொச்சியில் தம் இல்லத்தில் காலமானார். வயது 86.